பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு அப்புறம் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: சேரலாமா, வேலை கிடைக்குமா?

வாய்க்காக்கரை (ஈரோடு) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருசம் படிக்கிறேன். அடுத்து எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் சேரலாம்னு எண்ணம். வீட்டுல ஒருத்தருக்கும் பிடிக்கல. "கெமிஸ்ட்ரியே தொடர்ந்து படி, பி.எட். போட்டா டீச்சராவது ஆகலாம்"கறது அம்மா கட்சி. அப்பா சாயப்பட்டறையில கழிவுத்தண்ணி சுத்திகரிப்பு பிளாண்ட் ஓட்டறவரு. "சாம்பிள் எடுக்க வர்ற பசங்களை நான் தினமும் பாக்கறேன். வெயில்ல கேனைத் தூக்கிட்டு அலையறாங்க. அதுக்கா எம்.எஸ்சி.?"ங்கறாரு.

எங்க வீடு காலிங்கராயன் வாய்க்காலுக்குப் பக்கம். சின்ன வயசுல இன்னைக்கு என்ன கலர் தண்ணி வரும்னு பசங்களோட பந்தயம் கட்டுவோம். அதனாலயோ என்னவோ இந்தப் படிப்பு மேல ஒரு ஆசை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதானுங்க: படிச்சு முடிச்சவங்க நிஜமா என்ன வேலை பாக்கறாங்க? கெமிஸ்ட்ரியை விட்டுட்டு இதுக்குப் போறது புத்திசாலித்தனமா? ஃபாரஸ்ட் ஆபீசர் ஆகலாம்னு ஒரு சீனியர் சொன்னாங்க, உண்மையா? இந்தத் துறையில இருக்கறவங்க சொன்னா நல்லா இருக்கும்.

கோட்_குமார்:

ஸ்கோப் இல்ல சிஸ்டர். டேட்டா சயன்ஸ்ல ஆறு மாச கோர்ஸ் போங்க.

சிம்னி அக்கா (ராணிப்பேட்டை):

மேல தம்பி ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டார். எனக்கு அவ்வளவு சுருக்கமா எழுத வராது. டீ போட்டுட்டு வந்து படிம்மா.

நானும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான். அப்புறம் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். முதல்ல ஒரு தனியார் லேப், அப்புறம் ஈ.ஐ.ஏ. (ஒரு திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும்ங்கற மதிப்பீடு) ரிப்போர்ட் எழுதற ஒரு கன்சல்டன்சி, இப்போ ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாக ஃபேக்டரியில ஈ.எச்.எஸ். (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு) டிபார்ட்மென்ட். தனியார்ல இருக்கற மூணு வாசலையும் பார்த்தாச்சு.

இந்தத் துறையில நமக்கு யார், எதுக்காக சம்பளம் கொடுக்கறாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கோ. 1974-ல நீர்ச் சட்டம், 1981-ல காற்றுச் சட்டம், 1986-ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். உங்க அப்பா வேலை பாக்கற பட்டறை ஆரம்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட ஒரு கன்சென்ட் (அனுமதி) வாங்கணும், ஓட்டறதுக்கு இன்னொரு கன்சென்ட் வாங்கணும். அதுக்குத் தண்ணி ரிப்போர்ட், காத்து ரிப்போர்ட், சத்தம் ரிப்போர்ட் வேணும். அந்தப் பேப்பருக்குப் பின்னாடி கையெழுத்துப் போடத் தகுதியுள்ள ஆள் வேணும். நம்ம ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேர் சாப்பிடற சோறு இங்க இருந்துதான் வருது. பூமியைக் காப்பாத்தற ஆசையோட வர்றவங்க இதைக் கேட்டதும் முகம் சுருங்கிடுவாங்க. சுருங்க வேண்டாம். சட்டம் கேக்காட்டி ஒரு கம்பெனியும் நம்மளை உள்ள விடாது.

லேப் வேலையைப் பத்திச் சொல்றேன், ஏன்னா நீ முதல்ல அங்கதான் போய் நிப்ப. சி.ஓ.டி. டெஸ்ட் (தண்ணியில இருக்கற கழிவை ரசாயனத்தால சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்னு பாக்கறது) காலேஜ்ல ஒரு தடவை செஞ்சிருப்ப. இங்க தினமும் வரிசையா செய்யணும். சாம்பிள்ல டைக்ரோமேட், மெர்குரிக் சல்ஃபேட், சில்வர் சல்ஃபேட் போட்ட ஆசிட் எல்லாம் சேர்த்து 150 டிகிரியில ரெண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அதாவது ஆவி வெளிய போகாம கொதிக்க வைக்கணும். ஆறினதும் ஃபெரோயின்ங்கற நிறங்காட்டி ரெண்டு சொட்டு விட்டு, இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டா சேர்த்து டைட்ரேட் பண்ணணும். மஞ்சளா இருக்கறது பச்சையாகி, நீலப்பச்சைக்கு வந்து, ஒரே சொட்டுல சட்டுனு செங்கபிலமா மாறும். அந்த ஒரு சொட்டைத் தவற விட்டா கணக்கு போச்சு. ஆத்துல விடற தண்ணிக்கு லிட்டருக்கு சி.ஓ.டி. 250, பி.ஓ.டி. 30, டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கற உப்பு) 2100 மில்லிகிராம்ங்கற அளவைத் தாண்டக்கூடாது. 240-க்கும் 260-க்கும் நடுவுல ஒரு ஃபேக்டரியோட நிம்மதியே இருக்கு. டைட்ரேஷன் முடிஞ்ச அந்தத் திரவத்துல பாதரசமும் குரோமியமும் கிடக்கும், அதை சிங்க்ல கொட்டக்கூடாது. தண்ணி எவ்வளவு கெட்டிருக்குன்னு கண்டுபிடிக்கற டெஸ்ட்டே அபாயக் கழிவை உண்டாக்குது, என்ன செய்ய!

பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணும்னு பாக்கறது) வேற கதை. நம்ம ஊர் முறைப்படி 27 டிகிரியில மூணு நாள் இன்குபேட்டர்ல வைக்கணும். வெளிநாட்டுப் புத்தகத்துல 20 டிகிரி, அஞ்சு நாள்னு போட்டிருக்கும். இன்டர்வியூல இதைக் கட்டாயம் கேப்பாங்க. மூணு நாள் முடியற நாள் ஞாயித்துக்கிழமையா இருந்தா நீதான் போய் எடுக்கணும்.

லேப்ல ஆரம்ப சம்பளம் பெருசா இருக்காது, மாசம் 15,000-லிருந்து 20,000-க்குள்ளதான் பேசுவாங்க. அங்கேயே உக்காந்துட்டா ஏறவும் ஏறாது. ஆனா லேப்களோட தரத்தைச் சோதிக்கற என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கற லேபா பார்த்துச் சேரு. அங்க ஒவ்வொரு மெஷினுக்கும் கேலிப்ரேஷன் ரெக்கார்டு, ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு பிசகு இருக்கலாம்னு கணக்கு, எல்லாத்தையும் எழுதி வைக்கணும். அந்தப் பழக்கம் பின்னாடி எங்க போனாலும் கை கொடுக்கும்.

என் பேருக்குக் காரணமும் சொல்லிடறேன். லேப்ல இருந்தப்போ ஸ்டேக் மானிட்டரிங் (சிம்னிப் புகையை அளக்கற) டீம்ல பொண்ணுங்க யாருமில்ல. நான் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனேன். பாய்லர் சிம்னியோட பக்கவாட்டு ஏணியில ஏறி, மேடையில நின்னு, போர்ட்ஹோல் மூடியைக் கழட்டி உள்ள குழாயை விடணும். நுனியில திம்பிள்னு விரல் மாதிரி ஒரு ஃபில்ட்டர் இருக்கும், தூசி அதுல படியும். விஷயம் என்னன்னா, சிம்னிக்குள்ள புகை என்ன வேகத்துல மேல போகுதோ அதே வேகத்துல நாம உறிஞ்சணும். பம்ப் வேகத்தை அதுக்கு மேல கூட்டினா கனமான தூசி குழாய்க்குள்ள வராம நேரா மேல போயிடும், ரிப்போர்ட்ல தூசி கம்மியாக் காட்டும். கீழ நின்னு பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. "மேடம், கொஞ்சம் நல்லா வர்ற மாதிரி பாருங்க"ன்னு ஒரு சூப்பர்வைசர் எனக்கே சொன்னாரு. நல்லா வர வேண்டியது பாய்லர்தான், ரீடிங் இல்லன்னு சொல்லிட்டு இறங்கினேன். அடுத்த தடவை அந்த சைட்டுக்கு என்னை அனுப்பல. இந்தத் துறையில படிப்போட சேர்த்து இதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கணும்.

அடுத்தது ஈ.ஐ.ஏ. 2006 செப்டம்பர்ல வந்த அறிவிக்கைப்படி சுரங்கம், அனல்மின் நிலையம், பெரிய கட்டடம்னு பட்டியல்ல இருக்கற திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். ரிப்போர்ட் எழுத நாபெட்ங்கற அமைப்போட அங்கீகாரம் இருக்கற கன்சல்டன்சிக்கு மட்டும்தான் உரிமை. அங்க காத்துக்கு ஒரு நிபுணர், தண்ணிக்கு ஒருத்தர், உயிரினங்களுக்கு ஒருத்தர், சமூகப் பொருளாதாரத்துக்கு ஒருத்தர்னு தனித்தனியா பேர் பதிஞ்சிருக்கும். புதுசா போறவங்க அவங்களுக்குக் கீழ சேர்ந்து படிப்படியா தகுதி வாங்கலாம். மழைக்காலம் இல்லாத ஒரு சீசன்ல, திட்டம் வர்ற இடத்தைச் சுத்திப் பத்து கிலோமீட்டர் வரை காத்து, தண்ணி, மண் எல்லாம் அளக்கணும்.

கேக்க சுலபமா இருக்கும். நடைமுறையில ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட மொட்டை மாடியில டஸ்ட் சாம்பிளரை ஏத்தி வச்சிட்டு, கரன்ட் போகாம இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருப்போம். 24 மணி நேரம் ஓடணும். நடுவுல கரன்ட் போனா மொதல்ல இருந்து. ஊர்க்காரங்க வந்து சுத்தி நின்னு "என்னம்மா மெஷின்? இங்க கம்பெனி வருதா? எங்க நிலத்தை எடுப்பாங்களா?"ன்னு கேப்பாங்க. நம்ம கிட்ட பதில் இருக்காது, இருந்தாலும் சொல்ற இடத்துல நாம இல்ல. டீ வாங்கிக் கொடுத்து, பேசி, பழகி, கடைசியில அவங்க ஊரைப் பத்தி நாம எழுதின ரிப்போர்ட்டை அவங்களே கருத்துக்கேட்புக் கூட்டத்துல கிழிப்பாங்க. பல தடவை அவங்க சொல்றது சரியாவும் இருக்கும். எனக்கு அந்த வேலை ஒட்டல. என்கூட இருந்த ஒருத்தி இன்னைக்கு ஈ.ஐ.ஏ. கோ-ஆர்டினேட்டர், ரொம்பத் திறமையானவ. வெட்ட வேண்டிய மரத்தை வெட்டவிடாம ரோட்டையே தள்ளிப் போட வச்சிருக்கா. ஆளைப் பொறுத்தது.

ஃபேக்டரி வேலை நிம்மதி. மாசச் சம்பளம், பி.எஃப்., கேன்டீன். அபாயக் கழிவு எவ்வளவு வெளிய போச்சுன்னு மேனிஃபெஸ்ட், ஜூன் 30-க்குள்ள கழிவுக் கணக்கு, செப்டம்பர் 30-க்குள்ள சுற்றுச்சூழல் அறிக்கைன்னு காலண்டர் நம்மளை ஓட்டும். பெரிய ஆலைகள்ல சிம்னியில மாட்டின மீட்டர் நேரா கிண்டியில இருக்கற வாரியத்துக்கு ரீடிங் அனுப்பிக்கிட்டே இருக்கும், அது எகிறினா ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட நமக்கு ஃபோன் வரும். ஒண்ணு நினைவு வச்சுக்கோ, ஈ.எச்.எஸ்.-ல 'எஸ்' சேஃப்டி. தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோ ஒண்ணு கையில இருந்தா உன் பயோடேட்டா மேல போயிடும். இப்போ புதுசா ஈ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) ரிப்போர்ட் வேலையும் வந்திருக்கு. பங்குச்சந்தையில முதல் 1000 கம்பெனிகள் 2022-23-லிருந்து பி.ஆர்.எஸ்.ஆர்.ங்கற அந்த மாதிரி அறிக்கையைக் கட்டாயம் கொடுக்கணும்னு செபி சொல்லியிருக்கு. அதுல எம்.பி.ஏ. படிச்சவங்களும் போட்டிக்கு வர்றாங்க. ஆனா எங்க யூனிட்டுக்கு வந்த ஒரு பிள்ளைக்கு கிலோலிட்டருக்கும் கியூபிக் மீட்டருக்கும் ஒரே அளவுங்கறதே தெரியல, ரெண்டையும் தனித்தனியாக் கூட்டி வச்சிருந்துச்சு. உனக்கு அந்தப் பிரச்சினை வராது.

கவர்மென்ட்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல ரெண்டு வழி. உதவிப் பொறியாளர் வேலை இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு. சுற்றுச்சூழல் விஞ்ஞானி வேலைக்கு நம்ம மாதிரி எம்.எஸ்சி. ஆளுங்க. நோட்டிபிகேஷன் வருசா வருசம் வராது. அதை நம்பி வீட்டுல உக்காராதே.

ஃபாரஸ்ட் ஆபீசர் பத்தி உங்க சீனியர் சொன்னதுல ஒரு முடிச்சு இருக்கு. இந்திய வனப்பணிக்கு யு.பி.எஸ்.சி. கேக்கற பாடங்கள் கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல் (ஜியாலஜி), கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல், இல்லாட்டி வேளாண்மை, வனவியல், இன்ஜினியரிங் டிகிரி. சுற்றுச்சூழல் அறிவியல்ங்கற பேர் அந்தப் பட்டியல்லயே இல்ல! ப்ளஸ் டூ முடிச்சதும் நேரா பி.எஸ்சி. சுற்றுச்சூழல் எடுத்த பிள்ளைங்க இங்கதான் மாட்டுறாங்க. நீ கெமிஸ்ட்ரி டிகிரி வாங்கப் போற, அதனால உனக்குக் கதவு திறந்தே இருக்கு. அம்மாகிட்ட இதைச் சொல்லு, கெமிஸ்ட்ரி வீணாப் போகலன்னு கொஞ்சம் சமாதானம் ஆவாங்க.

என் கருத்து: சேரு. ஆனா எந்த டிபார்ட்மென்ட்ங்கறதுல கறாரா இரு.

மெம்பிரேன் மாமா (திருப்பூர்):

சிம்னி அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பாது. சட்டத்துக்காகத்தான் நமக்குச் சோறுன்னு சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல 2011-ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்புறம் நிலைமையே வேறம்மிணி. ஒரு சொட்டு வெளிய விடக்கூடாதுன்னதும், தண்ணியை ஆர்.ஓ.வுல விட்டு எடுத்து திரும்பப் பட்டறைக்கே அனுப்பறோம். மிச்சத்தை எவாப்பரேட்டர்ல காய்ச்சி உப்பு எடுக்கறோம். அந்தத் தண்ணியும் உப்பும் காசு. ஆர்.ஓ.வுல தண்ணியை வடிகட்டற மெம்பிரேன் (மெல்லிய சவ்வு) அடைச்சா காசு போகுது. அதை அடைக்காம ஓட்டத் தெரிஞ்ச ஆளைத் தேடி முதலாளியே வர்றாரு.

நான் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல பிளாண்ட் இன்சார்ஜ். வேலைக்கு வர்ற எம்.எஸ்சி. பிள்ளைங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. காத்து ஊதற ஏரேஷன் டேங்க்ல இருந்து ஒரு லிட்டர் உருளையில கலக்கல் தண்ணி எடுத்து வச்சு, அரை மணி நேரம் கழிச்சு என்ன தெரியுதுன்னு சொல்லச் சொல்வேன். சேறு எவ்வளவு அடங்கியிருக்கு, மேல தண்ணி தெளிவா, நாருநாரா மிதக்குதா, என்ன வாசனை? பாதிப் பேர் ஃபோனை எடுத்துத் தேடறாங்க. உங்கப்பா அதைக் கண்ணால பார்த்தே இன்னைக்குக் காத்து பத்தல, யூரியா போடணும்னு சொல்லிடுவாரு. நீ படிக்கப் போறதுக்கு முன்னாடி லீவுல அவர்கூடப் போய் நில்லு கண்ணு.

இன்னும் தீராத சோலி ஒண்ணு இருக்கு. சோடியம் சல்பேட்டைப் பிரிச்சு எடுத்தது போக மிஞ்சற கலப்பு உப்பு. யாருக்கும் வேண்டாம், மூட்டை மூட்டையா ஷெட்டுல அடுக்கி வச்சிருக்கோம். மழைல நனையாம பாத்துக்கறதே ஒரு வேலை. பி.எச்டி. பண்ற ஆசை இருந்தா அதை எடு. நீ கெமிஸ்ட்ரிப் பொண்ணுதானே.

ஆனைகட்டி வாசி:

ஆராய்ச்சிப் பக்கம் யாரும் சொல்லல, அதனால நான் எழுதறேன். காலேஜ் ஆசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் எழுதற யு.ஜி.சி. நெட்ல சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம், குறியீடு 89. ஜே.ஆர்.எஃப்.ங்கற அந்த உதவித்தொகை கிடைச்சா 2023-லிருந்து மாசம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. கேட் தேர்வுலயும் 2021-லிருந்து சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் இருக்கு. ரெண்டையும் எழுதி வைங்க.

உதவிப் பேராசிரியர் ஆசை இருந்தா ஒரு எச்சரிக்கை. சுப்ரீம் கோர்ட் உத்தரவால எல்லா டிகிரிக்கும் ஈ.வி.எஸ். (சுற்றுச்சூழல் கல்வி) ஒரு கட்டாயப் பாடம். அதைக் கேட்டா நமக்கு ஊர்பட்ட வேலை இருக்கணும்னு தோணும். பெரும்பாலான காலேஜ்ல அந்தப் பீரியடை தமிழ் சாரோ காமர்ஸ் மேடமோதான் எடுக்கறாங்க. தனியா ஆள் போடறதில்ல.

யானை, புலின்னு கனவு இருந்தா சொல்லுங்க, அது கொஞ்சம் வேற பாதை. சலீம் அலி மையம் இங்க கோயம்புத்தூர் பக்கத்துலயேதான், டேராடூன்ல வனவிலங்கு நிறுவனம் இருக்கு. ஆனா நீங்க எழுதினதைப் பார்த்தா உங்க மனசு வாய்க்கா தண்ணியிலதான் இருக்கு.

வாய்க்காக்கரை:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கலீங்க. மெம்பிரேன் மாமா, அந்த உருளை விஷயத்தை அப்பாகிட்டக் கேட்டேன். "எஸ்.வி. தேர்ட்டியா? அது தெரியாம எப்படி பிளாண்ட் ஓட்டறது?"ன்னு என்னைத்தான் திட்டினாரு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்னிருக்காரு.

சிம்னி அக்கா, டிபார்ட்மென்ட் பார்த்துச் சேருன்னீங்க, எதைப் பாக்கறதுங்க? அப்புறம் ஃபீல்டு வேலைன்னதும் அம்மா பயப்படறாங்க. ஆம்பளைங்க மட்டும் இருக்கற இடத்துல தனியா எப்படின்னு.

சிம்னி அக்கா:

பாரதியார் பல்கலைக்கழகம் உனக்குப் பக்கம். பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் நல்ல இடம், சூழலியலும் சேர்த்துச் சொல்லித் தருவாங்க, ஆனா அதுக்கு க்யூட் பி.ஜி.ங்கற நுழைவுத்தேர்வு எழுதணும், விண்ணப்பத் தேதி மத்த இடங்களுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிடும். தெக்கே போகத் தயார்னா மனோன்மணியம் பல்கலைக்கழகத்தோட மையம் ஆழ்வார்குறிச்சியில இருக்கு. எங்க போனாலும் நேர்ல ஒரு தடவை போய் லேபைப் பாரு. அட்டாமிக் அப்சார்ப்ஷன் மெஷின் (உலோகங்களை அளக்கறது) இருக்கான்னு கேக்காதே, எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. கடைசியா எப்போ ஓடுச்சு, மாணவர்களைத் தொட விடறாங்களா, போன வருச எம்.எஸ்சி. பிராஜெக்ட் எல்லாம் எங்க செஞ்சாங்கன்னு ரிசர்ச் ஸ்காலர் யாரையாவது கேன்டீன்ல பிடிச்சுக் கேளு. மெஷின் மேல துணி போர்த்தி இருந்தா யோசி. பக்கத்துல எதுவுமே சரியா அமையலன்னா எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியே சேர்ந்து, பிராஜெக்ட்டை மட்டும் கழிவுநீர்ல பண்ணு. வாரிய வேலைக்கு அதுவும் செல்லும்.

அம்மா பயப்படறது நியாயம். சாம்பிளிங் போறப்போ ஒரு டீமா, லேப் வண்டியிலதான் போவோம், ராத்திரி ஷிஃப்ட் மானிட்டரிங்குக்கு ரெண்டு பேருக்குக் குறைஞ்சு அனுப்பக்கூடாதுன்னு நீயே சேர்றப்போ பேசிக்கலாம். கேக்கறதுல தப்பில்ல. நிஜமான தொல்லை பாத்ரூம்தான், சில யூனிட்ல பெண்களுக்குன்னு தனியா இருக்காது, போறதுக்கு முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேட்டுக்கோ. உயரத்துல ஏறுறதுன்னா ஹார்னஸ் மாட்டாம ஏறாதே, எவ்வளவு அவசரம்னு சொன்னாலும் சரி. சேஃப்டி ஷூ பெரும்பாலும் ஆம்பளைங்க அளவுலதான் ஸ்டாக் வச்சிருப்பாங்க. சேர்ற அன்னைக்கே உன் சைஸை ஸ்டோர்ஸ்ல எழுதிக் கொடுத்துடு, வர்றதுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.